வெள்ளித் தட்டுகளில் ஊதாப் புள்ளி

ஒட்னி படியேறி வந்த அன்று மழை கொஞ்சம் விட்டிருந்தது. எங்கள் ஹௌகசுண்டில் மழை விட்டது என்றால், குடையை மடக்கலாமா என்று யோசிக்கிற அளவுக்கு விட்டது என்று பொருள். அதற்கு மேல் இந்த ஊரில் யாரும் ஆசைப்படுவதில்லை. துறைமுகத்தில், மீன்வலை விற்கும் கடைக்கு மேலே இருந்தது ஹால்வரின் அறை. போலீஸ் வேலையை உதறிவிட்டு, பிறர் சொல்லத் தயங்கும் விவகாரங்களைக் கேட்டுக்கொண்டு அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். அவருக்குத் துணை தூரித். வெகுகாலம் டாக்சி ஓட்டியவள்; வாயும் சரி, காலும் சரி, ஓரிடத்தில் நிற்காது.

வந்தவள் உடனே உட்காரவில்லை. நாற்காலியைச் சுவரோரம் இழுத்து, கதவு கண்ணில் படும்படி திருப்பிப் போட்ட பிறகுதான் உட்கார்ந்தாள். தூரித் நீட்டிய வாஃபிளைத் தொடவில்லை. காபிக் கோப்பையை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கணும், இல்லேன்னா டெர்யே என்னைக் கண்டுபிடிச்சிருக்கணும். ரெண்டுல எதுன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றாள்.

டெர்யே அவளுடைய முன்னாள் கணவன். அவன் கையில் அடிபட்டு, மகள் லிவ்வைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள் அவள். முகவரி எங்கும் வெளிவராமல் மறைத்து, ஏற்கெனவே இரண்டு ஊர் மாறியாயிற்று.

"போலீஸ்ல சொன்னா அன்னிக்கே மூட்டை கட்டச் சொல்லுவாங்க. எங்க நல்லதுக்குத்தான், தெரியும். ஆனா லிவ்வுக்கு இப்பத்தான் ஒரு தோழி கிடைச்சிருக்கா. இன்னொரு ஊர், இன்னொரு பேர், இன்னொரு பள்ளிக்கூடம்னா அவ தாங்கமாட்டா. அவன்தான்னா போயிடறேன். அவன் இல்லேன்னா இங்கேயே இருந்துக்கறேன். அது தெரிஞ்சாப் போதும்."

"என்ன பாத்தீங்க, அதைச் சொல்லுங்க" என்றார் ஹால்வர்.

ஒட்னியின் பிழைப்பு புகைப்படம். கல்யாணங்களில் எடுத்துக்கொண்டிருந்தவள், இந்த இலையுதிர் காலத்தில் எம்ப்ரிக் என்ற பொற்கொல்லருடைய நகைகளைப் படமெடுக்க ஒப்புக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் மே மாதத்தில், தேசிய நாளன்று, தேசிய உடையின் மார்பில் குத்திக்கொள்கிற வெள்ளிப் பதக்கங்கள்தான். அவற்றைச் சுற்றிலும் குட்டிக் குட்டித் தட்டுகள் தொங்கும், அசைந்தால் மின்னும்.

"வெள்ளியைப் படம் எடுக்கறது லேசு இல்ல. எந்த வெளிச்சம் பட்டாலும் பல்லைக் காட்டும். அதனால அறையை இருட்டாக்கி, கேமராவை ட்ரைபாட்ல நிறுத்தி, சின்ன டார்ச்சால கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சம் பூசி எடுப்பேன். முன்னெல்லாம் நான் வியூஃபைண்டர்ல கண்ணை வச்சுத்தான் பழக்கம். இதுக்கு அது ஆகாது. லைவ் வியூ போடணும். கேமராவுக்குள்ள கண்ணாடி மேல தூக்கிக்கும், லென்ஸ் பாக்கறது அப்படியே பின்னாடி திரையில தெரியும். அதைப் பெருசாக்கி, ஒவ்வொரு தட்டோட விளிம்பும் கூர்மையா இருக்கான்னு பாக்கணும்."

"சரி."

"போன வாரம் விளக்கை அணைச்சுட்டுத் திரையைப் பெருசாக்கினேன். ஒவ்வொரு தட்டுலயும் ஒரு ஊதாப் புள்ளி இருந்தது. எல்லாம் என்னையே பாக்கற மாதிரி." அவள் குரல் இறங்கியது. "தலையைத் தூக்கி நேர்ல பாத்தேன். ஒண்ணுமே இல்ல, வெறும் இருட்டு. லைவ் வியூவை நிறுத்திட்டு வியூஃபைண்டர்ல டார்ச் அடிச்சுப் பாத்தேன், அணைச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. திரும்பத் திரையைப் போட்டா, இருக்கு. கத்திட்டேங்க."

தூரித்தின் கையில் இருந்த வாஃபிள் பாதி வழியில் நின்றது.

பயந்துபோன ஒட்னி மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறாள். கீழ்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்காரர் சிகுர்ட், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பழைய மின்கம்பிகள் எதையாவது செய்யும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிடலாம் என்றார். எம்ப்ரிக், வெள்ளிக்குப் பாலிஷ் சரியில்லையோ என்று பதக்கத்தைத் தேய்த்துப் பார்த்தார். மூன்றாவது ஆள், கடைத்தெருவில் கேமராக் கடை வைத்திருக்கும் யோஸ்டெயின்.

"அவர் தங்கமான மனுஷர். நாங்க குடி வந்தப்போ ஏணி கொண்டுவந்து கறுப்புத் திரை, கூரை விளக்கு எல்லாம் அவரேதான் மாட்டிக் குடுத்தார். இப்பவும் அப்பப்ப வந்து பல்ப் மாத்திட்டுப் போவார், காசு வாங்கமாட்டார். போன வருஷம் ஷட்டர் போனப்போ, என் வேலை நிக்கக்கூடாதுன்னு கடையிலேருந்து இரவல் கேமரா குடுத்தார். இந்தத் தடவை கேமராவை ரெண்டு நாள் வச்சுச் சோதிச்சார். உள்ள படம் வாங்கற சென்சார் பழுதாம். லென்ஸுக்கு மூடி போட்டுப் பாத்தும் அந்தப் புள்ளி தெரிஞ்சுதாம். சென்சார் மாத்தற வரைக்கும் லைவ் வியூவைத் தொடாதீங்க, பழையபடி வியூஃபைண்டர்லயே எடுங்கன்னார்."

"அந்த ரெண்டு நாள் எதுல படம் எடுத்தீங்க?"

"எடுக்கல. சும்மாதான் இருந்தேன்."

ஹால்வர் கோட்டை எடுத்தார். "போய்ப் பாப்போம்."

மூன்று மணிக்கெல்லாம் டிசம்பர் வெளிச்சம் கடையைக் கட்டிவிட்டது. ஒட்னியின் வீடு ஒரு மர வீட்டின் மாடி. லிவ்வுக்கு ஒரு சின்ன அறை, மற்றொன்றுதான் ஸ்டுடியோ. மேஜைமேல் கறுப்பு வெல்வெட்டில் ஒரு பதக்கம், அதன் எதிரே ட்ரைபாடில் கேமரா. சுவரோரம் மடக்கி வைத்த சோபா படுக்கை.

"ராத்திரி எங்க தூங்குவீங்க?" என்று ஹால்வர் கேட்டார்.

"இங்கதான்" என்றாள் ஒட்னி. சொன்ன பிறகு அவளுக்கே அது உறைத்தது. சோபாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரைகளை இழுத்துவிட்டு விளக்கை அணைத்தார்கள். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான் என்கிற இருட்டு. பொறுமை இல்லாத தூரித் கேமராவைத் தடவி, ஒட்னி சொல்லிக்கொடுத்த பொத்தானை அழுத்தினாள்.

"போச்சு! உடைச்சுட்டேன் போலிருக்கு. திரை எரியுது, ஆனா படம் ஒண்ணும் வரல. கரிச்சட்டி மாதிரி இருக்கு, ஒரு பொட்டு கூட இல்ல."

"மூடியை எடுக்கலீங்க" என்றாள் ஒட்னி.

"ஏன்டீம்மா, முன்னாடியே சொல்லக்கூடாதா? உசுரே போயிடுச்சு."

மூடியைக் கழற்றினாள். அதன்பின் தூரித் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது ஹால்வருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. அருகே போய்ப் பார்த்தார்.

மங்கலான திரையில் பதக்கம் கொஞ்சமும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் புள்ளிகள்தான். வட்டமாக, வரிசையாக, ஒரே அளவில், ஊதா நிறத்தில். தூரித் மேஜையை லேசாகத் தட்டினாள். தட்டுகள் ஆடின, அத்தனை புள்ளிகளும் சேர்ந்து நடுங்கின. ஒட்னி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாரும் மேல பாக்காதீங்க" என்றார் ஹால்வர், காபி வேண்டுமா என்று கேட்கிற குரலில். "பேச்சை நிறுத்தாதீங்க. தூரித், நீ உன் அக்கா மருமகனைப் பத்தி ஏதாவது திட்டிட்டே இரு."

"அவனைத் திட்ட எனக்குச் சொல்லியா குடுக்கணும்?" என்று ஆரம்பித்தாள் தூரித். திட்டு அந்த மருமகனின் படகுக் கடனிலிருந்து அவன் மீசை வரை வந்தது.

ஹால்வர் தொப்பியைக் கழற்றி, மாட்ட இடம் தேடுகிறவர் போல, கேமராவுக்குப் பின்னால் இருட்டில் கையை உயர்த்தி மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் தொப்பி வந்ததும் திரையில் அத்தனை புள்ளிகளும் ஒரே நேரத்தில் அணைந்தன. தொப்பியை நகர்த்தியதும் மறுபடி முளைத்தன. இன்னும் ஒருமுறை அப்படியே செய்தார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு விளக்கைப் போட்டார். விளக்கு வந்ததும் புள்ளிகள் போய்விட்டன.

"சரி, ஒண்ணும் இல்ல. கேமராக் கோளாறுதான்" என்று உரக்கச் சொன்னார். வெளியே வந்து மாடிப்படியில், கதவைச் சாத்திய பிறகு, ஒட்னியின் காதருகே குனிந்தார். "தொப்பி மறைச்ச இடத்துக்கு நேரா, கதவுக்கு மேல இருக்கே புகை அலாரம், அது யார் மாட்டினது?"

"சிகுர்ட்தான். நான் வரும்போதே இருந்திருக்கும்… வீட்டுக்காரர்தானே மாட்டுவார்?" சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். "அது என் படுக்கைக்கு நேர் எதிரே இருக்குங்க."

"இன்னிக்கு நீங்களும் மகளும் தூரித் வீட்டுல தூங்குங்க. அவ குறட்டை விடுவா, அதைத் தவிர ஆபத்து ஒண்ணும் இல்ல."

படியிறங்கிய கையோடு சிகுர்டின் கதவைத் தட்டினார்கள். அவர் மீன் வறுத்துக்கொண்டிருந்தார்; கரண்டியோடு வந்தார்.

"அலாரமா? மாடிக்கு ஒண்ணு, நடையில மாட்டியிருக்கேன். இப்ப இறங்கி வரும்போது பாத்திருப்பீங்களே. அறைக்குள்ள இருக்கறது அவ வாங்கி மாட்டினதுன்னுல்ல நினைச்சேன்! நல்ல பொண்ணு, ஜாக்கிரதையா இருக்கான்னு சந்தோஷப்பட்டேன்."

தெருவுக்கு வந்ததும் தூரித் துள்ளினாள். "ஒட்னி சிகுர்ட்னு நினைச்சா, சிகுர்ட் ஒட்னின்னு நினைச்சார். நடுவுல மூணாவது ஆள் மாட்டிட்டுப் போயிருக்கான்! டெர்யேதான், வேற யாரு?"

"டெர்யே கதவை உடைக்கிற ஜாதி. இது பொறுமையான ஆளோட வேலை."

எம்ப்ரிக் பட்டறையில் கிடைத்தார். ஒட்னி வீட்டில் ஏணி ஏறினீர்களா என்று கேட்டதற்கு, நாற்காலி ஏறினாலே தலை சுற்றுகிறது என்றார். யோஸ்டெயின் கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. மெல்லிய குரல்காரர், சுத்தமான நகங்கள்; நிறைய யோசித்துத்தான் பேசுவார்.

"பாவம், ஏற்கெனவே பயந்த சுபாவம்" என்றார். "அந்த சென்சார் ரொம்ப ஓடின சென்சார். லைவ் வியூ போட்டா அது ஓயாம வேலை செய்யும், சூடாகும். சூடானா இப்படிப் புள்ளி விழும். மூடி போட்டே பாத்துட்டேனே, அப்பவும் அப்படியேதான் இருந்துச்சு. அதைத் தொடாதீங்கன்னு நீங்களும் சொல்லுங்க."

"சொல்றோம்" என்றார் ஹால்வர். "நாளைக்குச் சாயங்காலம் அங்க வாங்களேன். மத்தவங்களும் வர்றாங்க. நீங்களே விளக்கிச் சொன்னா அவங்க மனசு ஆறும்."

மறுநாள் அவர்கள் எல்லோரும் அந்த அறையில் நெருக்கியடித்து நின்றார்கள். சிகுர்ட், எம்ப்ரிக், யோஸ்டெயின், சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒட்னி. ஹால்வரின் பழைய போலீஸ் சகா ஒருவர், சீருடை இல்லாமல், கதவை மறைத்துக்கொண்டு நின்றார். தூரித் விளக்கை அணைத்தாள். இருட்டில் ஏழு பேருடைய மூச்சு மட்டும் கேட்டது.

"திரையைப் பாருங்க" என்றார் ஹால்வர்.

புள்ளிகள் இருந்தன. சிகுர்ட் மெதுவாக ஏதோ வேண்டிக்கொண்டார்.

"யோஸ்டெயின், இது சென்சார்ல இருக்கற பழுதுன்னு சொன்னீங்க. மூடியை நீங்களே போடுங்க."

சற்றுத் தயக்கம். பிறகு மூடி லென்ஸில் பொருந்தும் சின்ன ஓசை. திரை முழுக்கக் கறுத்தது.

"சூடு ஏறணும்" என்றது யோஸ்டெயினின் குரல்.

"ஏறட்டும். காத்திருப்போம்."

அது நீண்ட காத்திருப்பு. பேட்டரி பாதியாகிற வரை திரை எரிந்தது, ஒரு பொட்டும் வரவில்லை. ஒட்னியின் கையைத் தூரித் பிடித்துக்கொண்டாள். ஹால்வர் மூடியைக் கழற்றினார். அடுத்த நொடி அத்தனை புள்ளிகளும் திரும்ப வந்தன.

"நேத்தே தூரித் இதைக் கண்டுபிடிச்சுட்டா" என்றார்.

"நானா?" என்றாள் தூரித்.

"மூடியோட பாத்துட்டு, ஒரு பொட்டு கூட இல்லன்னு சொன்னியே. பழுது கேமராவுக்குள்ள இருந்தா மூடி அதை மறைக்காது. அப்போ புள்ளி வெளியில இருக்கு. ஒவ்வொரு தட்டுலயும் ஒண்ணு தெரியுது, தட்டு ஆடினா அதுவும் ஆடுது. அப்படின்னா தட்டுங்க கண்ணாடி மாதிரி எதையோ பிரதிபலிக்குது. நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், ஆனா சென்சாருக்குத் தெரியும். டிவி ரிமோட் முனையைக் கேமராத் திரையில பாத்தா மினுக்கும், பாத்திருப்பீங்க. அந்த ஜாதி வெளிச்சம். விளக்கை அணைச்சா தானா எரியும். எதுக்கு? இருட்டுல பாக்கறதுக்கு."

விளக்கைப் போடச் சொன்னார். தூரித் ஸ்டூல்மேல் ஏறி, கதவுக்கு மேலிருந்த புகை அலாரத்தைத் திருகிக் கழற்றினாள். உள்ளே புகையைப் பார்க்கிற எதுவும் இல்லை. ஊசித்துளை போல ஒரு லென்ஸ், சுற்றிலும் கறுப்பு மணிகள், ஒரு பேட்டரி, ஒரு மெமரி கார்டு.

ஒட்னி முனகியபடி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"யாரு?" என்றார் சிகுர்ட்.

"நீங்க இல்ல. பழைய கம்பியெல்லாம் பிரிச்சுப் பாத்துடலாம்னு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடத் தயாரா இருந்தீங்க. ஒளிச்சு வச்சவன் அதைச் செய்யமாட்டான். எம்ப்ரிக்கும் இல்ல. திருட்டுத்தனமா பாக்கறவன், அதே அறைக்குள்ள தன் கையால இத்தனை கண்ணாடியைக் கொண்டுவந்து பரப்புவானா?" ஹால்வர் திரும்பினார். "மூடி போட்டும் தெரிஞ்சுதுன்னு பொய் சொன்னவர் ஒருத்தர்தான். கேமரா ரிப்பேர் செய்யறவங்க முதல்ல பண்ற சோதனையே அதுதான், அதுல தப்பு வராது. அதோட இன்னொண்ணு. ஷட்டர் போனப்போ இரவல் கேமரா குடுத்த கடைக்காரர், இந்தத் தடவை ஏன் குடுக்கல? ரெண்டு நாள் அவங்களைச் சும்மா உட்கார வச்சார். ஏன்னா, எந்தக் கேமராவைக் குடுத்தாலும் இதே புள்ளி தெரியும். அப்புறம் சென்சார் மேல பழி போட முடியாதே. யோஸ்டெயின், இவங்க எப்பவும் வியூஃபைண்டர்லதான் பாப்பாங்கன்னு நீங்க நம்பி இருந்துட்டீங்க. அது வெறும் கண்ணாடி, இந்த வெளிச்சத்தை அதுல கண்ணால பாக்க முடியாது. வெள்ளி நகைக்காக லைவ் வியூவுக்கு மாறுவாங்கன்னு நீங்க நினைக்கவே இல்ல."

யோஸ்டெயின் யாரையும் பார்க்கவில்லை. தன் சுத்தமான நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கெட்டது ஒண்ணும் நினைக்கல" என்றார். "அவங்களுக்குக் காவலாத்தான்… அவங்க எவ்வளவு பயப்படறாங்கன்னு உங்க யாருக்கும் தெரியாது. படுக்கறதுக்கு முன்னாடி கதவை இழுத்து இழுத்துப் பாப்பாங்க. தூக்கத்துல அழுவாங்க. நடுவுல எழுந்து அந்தப் பொண்ணு மூச்சு விடுதான்னு போய்ப் பாத்துட்டு வருவாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும்."

எம்ப்ரிக் தன்னையறியாமல் ஒட்னிக்கும் யோஸ்டெயினுக்கும் நடுவில் வந்து நின்றார்.

ஒட்னி எழுந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதை வேற யாராவது பாத்தாங்களா? யாருக்காவது குடுத்தீங்களா? டெர்யேன்னு ஒருத்தன்…"

"யாருமே பாக்கல. அந்த டெர்யே யாருன்னே எனக்குத் தெரியாது. நான் மட்டும்தான்" என்றார் யோஸ்டெயின், அது ஏதோ பெருமை போல.

"இதுல அனுப்பற கருவி எதுவும் இல்ல" என்று ஹால்வரின் சகா அலாரத்தைப் புரட்டிப் பார்த்தபடி சொன்னார். "கார்டை வந்துதான் எடுக்கணும்."

"பல்ப் மாத்தறேன்னு ஏணியோட வந்தாரே, அதுக்குத்தான்" என்றார் ஹால்வர். "ஒட்னி, யோஸ்டெயின் வீட்டையும் கடையையும் போலீஸ் புரட்டிப் பாத்துட்டு, படம் வேற யாருக்காவது போச்சான்னு எழுத்துல குடுக்கச் சொல்றேன். ஆனா நீங்க கேட்டதுக்கு இப்பவே பதில் சொல்லிடறேன். டெர்யேவுக்கு நீங்க இருக்கற இடம் தெரியாது."

யோஸ்டெயினை அழைத்துக்கொண்டு ஹால்வரும் சகாவும் படியிறங்கும்போது, பள்ளிக்கூடப் பையும் நனைந்த மேலங்கியுமாக லிவ் ஏறி வந்தாள். பத்து வயது. யோஸ்டெயினைப் பார்த்து வழக்கம்போலச் சிரித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மேலே வந்தாள். அந்நியர்களையும், பிரித்துப் போட்ட அலாரத்தையும், அழுத முகத்தோடு நிற்கும் அம்மாவையும் பார்த்தாள். நேராகத் தன் அறைக்குப் போனாள்.

ஒட்னி பின்னாலேயே போனாள். கட்டிலின் அடியிலிருந்து பெரிய பையை இழுத்துத் திறந்து வைத்துக்கொண்டு, லிவ் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தடித்தவை அடியில், மெல்லியவை மேலே, சத்தமில்லாமல், ஒரு பெரிய மனுஷி போல. கதவருகே நின்ற தூரித்தால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வைம்மா. நாம எங்கயும் போகல" என்றாள் ஒட்னி.

லிவ்வின் கை நிற்கவில்லை. "அப்பா வரலையா?"

"வரல. அவருக்கு இந்த இடம் தெரியாது."

"நிஜமா?"

"நிஜமா."

லிவ் கையிலிருந்த சட்டையைப் பார்த்தாள். "அப்ப ஏன் இத்தனை பேர்? யார் என்ன பண்ணினாங்க?"

ஒட்னி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். சொல்லத்தான் வேண்டும். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

"யோஸ்டெயின்."

"அவர் நல்லவராச்சேம்மா."

"நானும் அப்படித்தான்டா நினைச்சேன்."

லிவ் பையிலிருந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் மாட்டினாள். எல்லாம் முடிந்ததும் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். முழுக்கத் தள்ளவில்லை, பிடி கைக்கு எட்டுகிற மாதிரி கொஞ்சம் வெளியே விட்டு வைத்தாள். ஒட்னி அதைப் பார்த்தாள், உள்ளே தள்ளச் சொல்லவில்லை.